கற்பூரம் அடித்துச் சொன்ன ஓட்டு

1

போன வியாழக்கிழமை லண்டனில் ஓட்டுப் போட்டேன். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன், திருவண்ணாமலை தேரடி வீதியில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மாணிக்கம், வெள்ளைக்காரன் ஊரில் வெள்ளைக்காரனுக்கே ஓட்டுப் போட்டான். அன்றைக்கு யாராவது இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் தேரடி வீதியே சிரித்திருக்கும். நான் சிரித்திருக்க மாட்டேன். என்மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை ஜாஸ்தி.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்கும் இங்கே ஓட்டு உண்டு. வருஷா வருஷம் அதற்கு ஒரு பாரம் வீட்டுக்கு வரும். இங்கிலீஷில் வரும் எந்தக் காகிதத்தையும் நான் கடைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடுவேன். பாதிக்கு மேல் அதுவாகவே காலாவதியாகிவிடும். இந்த வருஷம் என் மகள் சாந்திக்குப் பதினெட்டு முடிந்தது. அவள்தான் பாரத்தை எடுத்துப் பூர்த்தி செய்து இரண்டு பேர் பெயரையும் சேர்த்தாள். சேர்த்தவளே அன்று காலையில் வர மாட்டேன் என்றாள்.

"நான் போட்டு என்னப்பா ஆகப்போகுது? இந்த ஏரியால எப்பவும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். எல்லாருக்கும் தெரியும்."

"எதுக்கும் வண்டில ஏறு. திரும்பி வரப்ப காய்கறி மார்க்கெட்டுக்குப் போவலாம்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டுச்சாவடி ஒரு சர்ச்சுக் கூடம். வாசலில் ஒரு போலீஸ்காரர் கூட இல்லை. உள்ளே இரண்டு வயதான அம்மாக்கள் மேஜை போட்டு, பிளாஸ்க்கில் டீ வைத்துக்கொண்டு, பின்னல் வேலை பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாந்தி தபாலில் வந்த எங்கள் ஓட்டுக் கார்டுகளை நீட்டினாள். கார்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார் ஒரு அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டை எடுக்கப்போனார். நான் ஊர் வழக்கப்படி, மை வைக்க, இடது கை ஆள்காட்டி விரலை அவர் முன்னால் நீட்டினேன்.

அந்த அம்மா விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பதறிப்போய்த் தன் கைப்பைக்குள் துழாவி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்தார்.

"அப்பா, கைய எறக்குங்க. ப்ளீஸ்" என்று சாந்தி பல்லைக் கடித்தாள்.

ஒரு தட்டி மறைப்புக்குள் பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பென்சில்! வெளியே வந்ததும் மகளிடம் கேட்டேன்: "யாராவது அழிச்சிட்டு வேற சின்னத்துல போட்டா?"

"யாருப்பா அப்படிப் பண்ணுவாங்க?"

பண்ணினவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆம்ப்ளிஃபையருக்கு நான் கரண்ட் கொடுத்திருக்கிறேன்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது எங்களுக்கு இருந்தது ஓர் ஓட்டு வீட்டில் பாதி. நான் மாட்டுத் தரகரிடம் எடுபிடியாக இருந்து, லாட்ஜில் தண்ணீர் தூக்கி, கெட்டுப்போன ஒரு ஹாரன் ஸ்பீக்கரை வாங்கி நானே பிரித்துச் சேர்த்துத் தொழிலை ஆரம்பித்தவன். எழுபதுகளில் மலையைச் சுற்றி இருக்கிற ஊர்களில் எந்தக் கல்யாணம், எந்தக் கூழ் ஊற்றல், எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் என் மைக்தான். மற்றவர்கள் செட்டில் பேசினால் தொண்டை கட்டியவன் மாதிரி இருக்கும். என் செட்டில் பேசினால் பொய்கூட நம்புகிற மாதிரி இருக்கும். இதைக் கட்சிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு லண்டன்காரருக்கு டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்து கொடுக்கப்போய், அவருடைய நண்பரின் ஓட்டல் சமையலறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, பர்மிட்டில் இங்கே வந்தேன். விமான நிலையத்தில் பிறந்த தேதி கேட்டார்கள். "தீபத்துக்கு முந்தின வாரம்" என்றேன். எந்த வருஷத்துத் தீபம் என்று அம்மாவுக்கே தெரியாது. அவர்களாக ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கு எனக்கு இரண்டு மளிகைக் கடைகள். தெற்கு லண்டனில் தமிழ்க் கல்யாணம் என்றால் இன்றும் என் மைக்தான். ஜனவரி ஒன்றாம் தேதி காலை, சாந்திக்கு இளைய பையன்கள் இரண்டு பேரும் கேக் வாங்கி வந்து "ஹேப்பி பர்த்டே டாட்" என்கிறார்கள். நானும் ஊதி அணைக்கிறேன். நான் தமிழில் பேசினால் பெரியவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். சின்னவன் பதிலே சொல்ல மாட்டான். சாந்தி ஒருத்திதான் என்னோடு தமிழில் சண்டை போடுவாள்.

அன்று காலை அவள் சொன்ன அந்த ஒரு பேச்சு வண்டி ஓட்டும்போதெல்லாம் காதில் நின்றது. எப்பவும் ஒரே கட்சிதான், எல்லாருக்கும் தெரியும். அப்படி எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஊர் எங்களுக்கும் இருந்தது.

3

அந்த ஊரின் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர் பேரப்பிள்ளைகள் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி அண்ணாமலையிலிருந்து வயல் வரப்பில் போனால் கொஞ்ச தூரம். என் அக்கா வேதவல்லியை அங்கேதான் கொடுத்திருந்தோம்.

தாங்கலில் ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் ஒருத்தரைத்தான் குறிக்கும். நெல் அரைத்தது பாதி, சாராயம் காய்ச்சியது மீதி. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அவர் கை காட்டுகிற சின்னத்துக்குத் தாங்கல் பெட்டி மொத்தமும் விழும். கட்சிக்காரர்கள் அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்கப் போக மாட்டார்கள். மில்லுக்குப் போய் அவரைப் பார்த்தால் போதும். ஓட்டுப் பதிவு அன்றைக்கு வருகிற ஆபீசர்களுக்கு மில்லில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. அவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் மில் ஆட்கள் எல்லாச் சீட்டிலும் முத்திரையைக் குத்திப் பெட்டியில் போட்டு முடித்துவிடுவார்கள். வயலிலிருந்து வருகிறவர்களிடம், "உங்க ஓட்டு விழுந்துடுச்சு, போய் வேலையப் பாருங்க" என்பார்கள். ஜனங்களும் போய் வேலையைப் பார்ப்பார்கள்.

ஒரு தேர்தலில் எங்கள் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அப்படித் திரும்பிப் போகவில்லை. "என் சீட்ட நான் பாக்கணும்" என்று வாசலிலேயே நின்றார். அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் அவர் வலது முழங்கையை உடைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வரப்புத் தகராறு என்று எழுதிக்கொண்டார்கள். புத்தூர்க் கட்டுப் போட்டும் கை நேராகவில்லை. அதன் பிறகு ஏர் பிடித்தது அக்காதான். பெண்பிள்ளை ஏர் பிடிக்கக்கூடாது என்று சொல்லவந்த பெரியவர்களிடம், "அப்ப நீங்க வந்து புடிங்க" என்றாள். யாரும் வரவில்லை.

அக்கா அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்பனா ஒரு தரம் என் ஓட்ட நான் போடணும்டா. அது போதும்." எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மாமாவின் கை போன வீட்டில் இன்னும் என்ன போக வேண்டும் என்று பயமாகத்தான் இருந்தது.

4

அடுத்த சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்தத் தடவை வெளியூர் போலீஸ் வரும், பூத்துக்குள் யாரும் ஆட முடியாது என்று பேச்சு அடிபட்டது. மில்காரருக்கும் அது எட்டியது. ஜனங்கள் அவர்களாக வந்து குத்துகிற நிலைமை வந்துவிட்டால்? அதற்கு ஒரு வழி பண்ணினார். பிரசாரம் முடிகிற நாளில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரையே கூட்டி, கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கச் சொன்னார்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தட்டில் கற்பூரத்தை ஏற்றி, வார்த்தையைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அந்த வார்த்தை திரும்பாது. அதுவும் மலையைப் பார்த்து நின்று அடித்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அந்தத் தட்டுக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டான்.

மைக் என்னுடையதுதான். எனக்கு எல்லாக் கட்சியும் ஒன்று. கோயில் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஹாரனைக் கட்டியிருந்தேன். மில்லில் மேஸ்திரியாக இருந்த தணிகாசலம் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தான்.

"மலை சாட்சியா..."

"மலை சாட்சியா" என்றது ஊர்.

"ஆத்தா சாட்சியா, என் கையால, மில்காரர் சொல்ற சின்னத்துல குத்துவேன்."

ஆம்பளைகள் அடித்தார்கள். பொம்பளைகள் அடித்தார்கள். அக்கா முறை வந்தபோது தணிகாசலம் தட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினான். மாமா தூரத்தில் திரும்பி நின்றார். அக்கா அடித்தாள். அவள் குரல் என் ஹாரனில் ஏரி தாண்டிக் கேட்டது.

5

மறுநாள் விடிந்ததும் அக்கா டவுனுக்கு வந்து என் கடை முன்னால் நின்றாள். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்திருக்கிறாள்.

"இன்னாடா பண்றது? வாய தொறந்து சொல்லிட்டேனே. என் வூட்டுக்காரரு கைய ஒடச்சவன் சின்னத்துல நான் குத்தணுமா?"

"மனசார சொன்னியா? பயந்துக்கினு சொன்னது. அது செல்லாது."

"செல்லாதுன்னு நீ சொன்னா ஆச்சா? ஆத்தாவக் கேக்கணும்."

பூ கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அக்காவோடு தாங்கல் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அதே குடைச்சல். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் பூவரச இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் பயந்து செய்த சத்தியம் செல்லாது. சிவப்பு வந்தால் செல்லும்.

நான் தொழில் தெரிந்தவன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சிடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டா, சாமிகிட்டயே கள்ள ஓட்டா?"

"நல்லதுக்குத்தான..."

"மில்காரனும் நல்லதுக்குன்னுதான் சொல்றான். போடா, போய் ஒயர சுத்து."

இப்போதும் சொல்கிறேன், என் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஐந்தாவது வரை படித்தவள் அவள். அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

குழந்தை எடுத்தது. பிரித்தார்கள். செவ்வரளி.

பவுனு என்று ஒருத்தி, அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மெதுவாக, "மூணு தரம் கேக்கறதுதான் மொற" என்றாள்.

"மூணுன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றாள் அக்கா. "தோத்துட்டு ஆட்டத்த மாத்தறதா?"

அம்மன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ரொம்ப நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முந்தானையை உதறினாள்.

"செல்லும்னு ஆத்தா சொல்லிட்டா. செல்லும்னா முழுசாத்தான் செல்லும். என் கையால குத்துவேன்னு அடிச்சிருக்கோம். அப்ப நம்ம கையாலதான் குத்தணும். வேற எவன் கையும் படக்கூடாது."

பவுனு வாயில் கை வைத்தாள். "ஐயோ! ஆமாம்டி."

6

ஓட்டுப் பதிவு அன்றைக்கு வெளியூர் போலீஸ் வரவில்லை. வேறு எங்கேயோ கலாட்டா என்று ஜீப் திரும்பிவிட்டது. மில் ஆட்களுக்கு நிம்மதி. இனிமேல் பழைய வழியே போதும். சத்தியம் வாங்கியதை அவர்களே மறந்துவிட்டார்கள்.

பெண்கள் மறக்கவில்லை. ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில்தான்; அது திறக்கும்போதே வரிசை நின்றது. நான் புளியமரத்து ஹாரனை அவிழ்க்க வந்தவன். ஒரு ஹாரனை அவிழ்க்க அரை நாள் எடுத்துக்கொண்டது என் சர்வீஸில் அது ஒரு தடவைதான்.

தணிகாசலம்தான் உள்ளே ஏஜெண்ட். வாசலுக்கு ஓடி வந்தான்.

"இன்னா வேதா, இன்னாத்துக்கு இந்தக் கூட்டம்? வூட்டுக்குப் போங்க. ஒங்க ஓட்ட நாங்க பாத்துக்கறோம்."

"நீ பாத்துக்கினா என் சத்தியம் இன்னா ஆவும்?"

"எந்த சத்தியம்?"

"நல்லா கேட்ட போ! தட்டப் புடிச்சது நீ. வார்த்தைய சொல்லிக்குடுத்தது நீ. என் கையாலன்னு ஊரே கேக்கறா மாதிரி மைக்குல சொன்னது நீ. இப்ப எந்த சத்தியம்ன்ற?"

பின்னால் நின்ற பவுனு குரல் கொடுத்தாள். "எங்க கொழந்தைங்களுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா மில்காரரு வந்து நிப்பாரா தணிகாசலம்?"

"அட, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சும்மாவா?" அக்கா நகர்ந்து வாசலில் வழி விட்டாள். அங்கிருந்து பார்த்தால் மலை நேராகத் தெரியும். அன்று மேகம்கூட இல்லை. "தோ நிக்குது. அதப் பாத்து சும்மான்னு ஒரு தரம் சொல்லு. நாங்க எல்லாரும் போயிடறோம்."

மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு வெறுங்காலில் மலை சுற்றுகிறவன் தணிகாசலம். ஏரிக்கரையில் மாமாவின் கையைப் பிடித்து முறுக்கியவர்களில் ஒருவன் என்றும் ஊர் சொல்லும். அவன் மலையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஆபீசர் வெளியூர் வாத்தியார். காலையிலிருந்து பயத்தில் வேர்த்துக்கொண்டிருந்த மனிதர். அவருக்கும் எங்கிருந்தோ குரல் வந்தது. "ஒவ்வொருத்தரா வாங்கம்மா. தள்ளாதீங்க."

அக்கா முதலில் போனாள். கோணிச் சாக்கால் கட்டிய மறைப்புக்குள் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்து, புளியமரத்தடியில் நின்றிருந்த மாமாவிடம் போனாள். மாமா எதுவும் கேட்கவில்லை. நான்தான் அவசரக்காரன்.

"எதுலக்கா குத்தின?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றாள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

கையை உடைத்தவன் சின்னத்தில் பெண்டாட்டி குத்திவிட்டு வந்தால் எந்தப் புருஷனுக்கும் கோபம் வரும். கோபம் இல்லையா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் மடங்கிய கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான் எதுக்குப் போய் நின்னனோ அத அவ பண்ணிட்டா. போடா."

மில்காரரின் ஆள்தான் ஜெயித்தான். ஆனால் தாங்கல் பெட்டியைத் திறந்தபோது மற்றச் சின்னங்களிலும் முத்திரை இருந்தது என்று எண்ணும் இடத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பெண்கள் வரிசையைப் பார்த்து ஆம்பளைகளும் வந்து நின்றதில் யார் யார் எதில் குத்தினார்களோ! மில்காரர் அந்தத் தடவை யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. யாரை அடிப்பது? எல்லாரும் அவர் சொன்னதைத்தான் செய்தோம் என்கிறார்கள்.

அடுத்த தேர்தலில் மறுபடி தட்டு வந்ததாம். கற்பூரம் எரிந்து எரிந்து தானாக அணைந்தது. ஒருத்தியும் கை நீட்டவில்லை. "நாங்கதான் வந்து குத்தறோமே, சத்தியம் எதுக்கு?" என்றாளாம் பவுனு.

7

இதையெல்லாம் சாந்தியிடம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"அத்தை வேற கட்சிக்குப் போட்டிருக்கலாமே. மறைப்புக்குள்ள யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியுமே."

"ஸ்டுப்பிட்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பிரேவ்" என்றாள். இரண்டும் எனக்குப் புரிகிற இங்கிலீஷ்தான்.

ஊரில் இருக்கிற நீங்கள் பத்திரிகையில் படித்துவிட்டு, எல்லாம் கெட்டுப்போச்சு, ரவுடிகள் ராஜ்யம், ஓட்டுக்கு அர்த்தமில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். நானும் இங்கே கடையில் அதைத்தான் கேட்கிறேன். கெட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டதைவிடப் பார்த்ததை நம்புகிறவன் நான். இரண்டு கடை வைத்ததும் அப்படித்தான்.

போன பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில் நான் ஊருக்கு வந்திருந்தேன். பவுனுவின் மகன் தலைவருக்கு நின்றான். பூத்துக்குள் அவனுக்கு ஏஜெண்ட் என் அக்கா. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். லிஸ்டில் பெயர் இல்லாததால் நான் உள்ளே போக முடியவில்லை. அன்று சாயங்காலம் அவள் சொன்னதையே எழுதுகிறேன்.

மத்தியானம் மில்காரர் வந்தாராம். மில் மூடி ரொம்ப நாளாகிவிட்டது. கண்ணில் புரை விழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, வரிசையில் நின்று வந்திருக்கிறார். மேஜையில் இருந்தது புது ஆபீசர், சின்ன வயசு.

"பேர் சொல்லுங்க."

மில்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னையா கேக்கற? நான் யாருன்னு இந்த ஊர்ல எவன வேணா கேளு."

ஆபீசர் திரும்பி ஏஜெண்டுகளைப் பார்த்தார். மற்ற ஏஜெண்ட் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"அவரு வாயால சொல்லட்டும் சார்" என்றாள் அக்கா. "எல்லாரும் சொல்லிட்டுத்தான வாங்கறாங்க."

மில்காரர் குரல் வந்த திசையில் திரும்பி, கண்ணை இடுக்கிப் பார்த்தார். தடியைக் கை மாற்றி ஊன்றிக்கொண்டாராம். பிறகு தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சொன்னார். பெஞ்சில் இருந்த பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர் தெரியும்.

அக்கா பட்டியலில் விரலை வைத்துத் தேடினாள். கிடைத்தது. முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ஆளு சரி சார். அவரு சீட்ட அவர்கிட்ட குடுங்க."